ஃப்ளூவில் சேர்த்த அப்பாவுக்கு வலிப்பு: இனி வாழ்நாள் முழுக்க மாத்திரையா?

பெரும்பாலும் தேவைப்படாது. ஃப்ளூ காய்ச்சலோடு வார்டில் இருக்கும்போது ஒரே ஒரு தடவை வலிப்பு வந்ததை வைத்து, உங்கள் அப்பாவுக்குக் காக்காய் வலிப்பு நோய் என்று சொல்லிவிட முடியாது.

68 வயது, மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, பிரஷருக்கு நீர் மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் சோடியத்தின், அதாவது இரத்தத்தில் உள்ள உப்புச்சத்தின் மேல்தான்; சாப்பிடாமல் இருப்பதும் நீர் மாத்திரையும் அதைக் குறைத்துவிடலாம். வழக்கமான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். அது வேகமாக 120க்குக் கீழே இறங்கினால் வலிப்பு வரலாம்.

நாளைக் காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, வலிப்பு வந்த அன்று சோடியம், சர்க்கரை, ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். சிங்கப்பூர் அரசு மருத்துவமனை என்றால் இரத்தப் பரிசோதனை முடிவை ஹெல்த்ஹப் என்ற அரசுச் சுகாதாரச் செயலியிலும் பார்க்கலாம். அப்புறம், வலிப்பைத் தூண்டக்கூடிய டிராமடால் போன்ற வலி மருந்து ஏதும் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். அவருக்கு முன்பு பக்கவாதம் வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். வலிப்பு நின்ற பிறகும் ஆள் தெளியாமல் குழம்பியே இருந்தால் மூளை அழற்சியாக இருக்கலாம். காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை), ஸ்கேன் தேவைப்படும். வீட்டுக்கு வந்த பின் மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.