புற்றுநோய், சாப்பாடு, நடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு வயதும் இல்லை, எடையும் இல்லை. "என்ன சாப்பிட்டால் கேன்சர் வராது?" என்று ஒரே வரி எழுதி அனுப்பினால் நான் என்ன பதில் சொல்வது? வயது, எடை, இடுப்பளவு, புகையிலை உண்டா, குடி உண்டா, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் வந்தது: இவ்வளவும் ஒரு அஞ்சலட்டையில் அடங்கும். இடுப்பளவைத் தொப்புளுக்கு நேராக டேப் வைத்து, மூச்சை இயல்பாக விட்டபடி எடுங்கள். பேன்ட் சைஸை எழுதாதீர்கள்.

கே: வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் கருவாட்டுக் குழம்பு. உப்பிட்ட மீன் புற்றுநோய் தரும் என்று படித்தேன். விட்டுவிட வேண்டுமா? (வாசகி, கடலூர் முதுநகர்)

நீங்கள் படித்தது தென் சீனத்து உப்பு மீனைப் பற்றி. அங்கே சின்னப் பிள்ளையிலிருந்தே அதை ஊட்டும் வழக்கம் இருந்தது. மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் வரும் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு உறுதியானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அந்த மீனை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், வைத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பில் நம்மூர் நெத்திலிக் கருவாடு வரவில்லை.

ஆனால் உப்பு எங்கே இருந்தாலும் உப்புதான். அளவு மீறினால் இரைப்பையின் உள்சவ்வை அரிக்கும். ஹெலிகோபாக்டர் கிருமியும் அங்கே குடியிருந்தால் சேதம் இன்னும் கூடும். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. அதனால் நான்கு நாளை ஒரு நாளாக்குங்கள். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசுங்கள். குழம்பில் தனியாக உப்புப் போட வேண்டாம். மற்ற நாளில் பச்சை மீன் வாங்குங்கள், துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன்.

கே: மூன்று மாதமாக மலத்தில் ரத்தம். மூலம் என்று நினைத்து நார்ச்சத்து அதிகம் சேர்த்துக்கொள்கிறேன். எந்தக் கீரை நல்லது? வயது 51. (நெய்வேலி)

கீரையைப் பற்றி இப்போது பேச வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். விரல் பரிசோதனை, தேவைப்பட்டால் கொலோனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. மூலமா இல்லையா என்பதை உள்ளே பார்த்தவர் சொல்லட்டும். மூன்று மாதம் காத்திருந்ததே தவறு, எனக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருந்தது அடுத்த தவறு. ரத்தம், ஆறாத புண், காரணமில்லாமல் எடை குறைவது, மார்பில் கட்டி: இந்த நான்குக்கும் எனக்கு எழுதாதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

கே: மல்லாட்டை (நிலக்கடலை) அறுவடையில் மழையில் நனைந்ததை விற்க முடியவில்லை. காயவைத்து வீட்டு எண்ணெய்க்குச் செக்கில் ஆட்டலாமா? லேசாகப் பூசணம் இருக்கிறது. (விவசாயி, பண்ருட்டி அருகே)

ஆட்டாதீர்கள் ஐயா. அந்தப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரல் புற்றுநோய்க்கு உறுதியான காரணங்களில் அதுவும் ஒன்று. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு ஆபத்து பல மடங்காகப் பெருகும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுசாகப் போகாது. செக்கில் ஆட்டினால் கொஞ்சம் எண்ணெயில் இறங்கும், பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கை மாடு தின்றால் பாலில் வரும், அந்தப் பாலைப் பேரப்பிள்ளை குடிப்பான். நஷ்டம் எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பூசணம் பிடித்ததையும் சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எறியுங்கள். அடுத்த அறுவடையில் பிடுங்கிய உடனே நன்றாகக் காயவைத்து, தரையில் படாமல் பலகை மேல் மூட்டை போடுங்கள்.

நகரத்து வாசகர்களுக்கும் இதே சொல்தான். கசக்கும் கடலையை விழுங்காதீர்கள், துப்புங்கள்.

கே: நான் பிராந்தி தொடுவதில்லை. இரவில் ஒரு கிளாஸ் ரெட் வைன் மட்டும். பிரான்சில் எல்லோரும் குடிக்கிறார்களே? வயது 60, எடை 74. (புதுச்சேரி)

வைனோ பிராந்தியோ பீரோ கள்ளோ, உள்ளே இருப்பது ஒரே ஆல்கஹால். உடம்பில் அது அசிடால்டிஹைடு என்ற நஞ்சாக மாறி மரபணுவைச் சிதைக்கிறது. 1988 முதல் மது முதல் பிரிவுப் பட்டியலில் இருக்கிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என ஏழு இடங்களில் புற்றுநோய்க்குக் காரணம். பிரான்ஸ் நாட்டுச் சுகாதாரத் துறையே "நாளுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், தினமும் வேண்டாம்" என்றுதான் தன் மக்களுக்குச் சொல்கிறது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லி யாரும் தொடங்க வேண்டாம். குடியோடு புகையிலையும் சேர்ந்தால் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது.

கே: அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய், மூன்று கீமோ முடிந்தது. 52 கிலோ இருந்தவர் இப்போது 44. சர்க்கரை கட்டிக்குத் தீனி என்று சோறு, பழம், பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். முட்டை, மீன், கோழி, கத்திரிக்காய் எல்லாம் கரப்பான், புண்ணைக் கிளறும் என்று பெரியம்மா சொல்கிறார். கேழ்வரகுக் கஞ்சியும் முள் சீத்தா இலைக் கஷாயமும்தான். சரியா? (பாகூர்)

சரியில்லை. வயதும் எடையும் ஒழுங்காக எழுதிய நல்ல பிள்ளை நீங்கள், அதனால்தான் எவ்வளவு தவறு என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. மூன்று கீமோவில் 8 கிலோ போயிருக்கிறது. இதை நோயின் கணக்கில் மட்டும் எழுத முடியாது, பத்தியத்துக்கும் பங்கு உண்டு.

இந்தச் சர்க்கரைக் கதைக்கு ஒரு வேர் உண்டு. 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி, புற்றுக்கட்டி மற்ற திசுக்களைவிட அதிகமாகக் குளுக்கோஸை இழுப்பதைக் கண்டார். அது உண்மை. பெட் ஸ்கேன் எடுக்கும் முறையே அதை வைத்துத்தான். ஆனால் அதிலிருந்து "சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும்" என்று தாவுகிறார்கள். உடம்பு அப்படி விடாது. நீங்கள் சோறு போடாவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைக்கும், கல்லீரல் அதிலிருந்து குளுக்கோஸ் செய்யும். கட்டிக்குத் தீனி கிடைத்துவிடும், அம்மாவின் தோளும் தொடையும்தான் போகும். வளையல் முழங்கை வரை ஏறுகிறதா என்று பாருங்கள். என் மேசைக்கு எதிரே எத்தனையோ அம்மாக்களின் கைகளில் அதைப் பார்த்துவிட்டேன். கூட வந்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்: "டாக்டர், ஒரு வாய் இனிப்புக் கொடுக்கவில்லை."

இளைத்த உடம்பு கீமோவைத் தாங்காது. மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரும், தேதி தள்ளிப் போகும், புண் ஆறாது, கிருமி சுலபமாக ஏறும். நல்ல மருந்து கையில் இருந்தும் கொடுக்க முடியாமல் போகிறதே என்ற வேதனையை நான் எத்தனை முறை பட்டிருக்கிறேன்! பெரியம்மாவைக் குறை சொல்லவில்லை, அவர் பாசத்தில் செய்கிறார். இந்தப் பதிலை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

இனி என்ன கொடுப்பது? கிலோவுக்கு ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும். 44 கிலோவுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை இரண்டு, 12 கிராம். பாலும் தயிருமாக அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைய, 13 கிராம். மத்தி மீனோ சங்கராவோ 100 கிராம், அதில் புரதம் 20 கிராம். கெட்டிப் பருப்பு ஒரு கப், சுண்டல் ஒரு கை. மீதி சோற்றிலும் இட்லியிலும் வந்துவிடும். மூன்று வேளை தட்டு நிறைய வைத்தால் பார்த்ததுமே குமட்டும், ஆறு வேளையாகப் பிரியுங்கள். வாய்ப்புண் இருந்தால் மிளகாய் இல்லாமல் குளிர்ந்த தயிர் சாதம், மசித்த வாழைப்பழம். எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும். வெள்ளணு குறையும் நாட்களில் கடை ஜூஸும் வெட்டி வைத்த பழமும் ஆகாது. சர்க்கரை நோய் இருந்தால் கணக்கு வேறு, அதை அவருடைய மருத்துவர் சொல்வார்.

கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். முள் சீத்தா புற்றுநோயைக் குணப்படுத்தியதாக மனிதர்களிடம் நிரூபணம் எதுவும் இல்லை. கெடுதலுக்கான சான்று இருக்கிறது. கரீபியன் கடலில் குவாதலூப் என்று ஒரு தீவு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிக் கூலி வேலைக்குப் போன நம் மக்கள் குடியேறிய தீவு. அங்கே இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம், மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகை நடுக்க நோய் அதிகமாக இருப்பதை 1999-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்தச் செடியில் உள்ள அனோனாசின் நரம்பணுக்களைக் கெடுக்கும் பொருள். கீமோவும் கஷாயமும் ஒரே கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும் என்பதையும் நினையுங்கள்.

வாரம் ஒரு நாள், ஒரே மிஷினில், ஒரே நேரத்தில் எடை பாருங்கள். அந்த நோட்டை அடுத்த கீமோவுக்குக் கொண்டுபோங்கள்.

கே: தினமும் யோகா செய்கிறேன், சைவம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எனக்குத் தேவையா? வயது 38. (திருப்பாதிரிப்புலியூர்)

தேவை. அது எச்.பி.வி. வைரஸால் வருவது, ஆசனத்துக்கும் சைவத்துக்கும் கட்டுப்படாது. மகள் இருந்தால் 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுங்கள்.

கே: காலை பிரெட்டில் தினமும் ஹாம் வைத்துச் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சிகரெட்டுக்குச் சமம் என்கிறார்களே? (முத்தியால்பேட்டை)

சமம் இல்லை. 2015-ல் ஹாம், சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தார்கள். சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும். நூறு பேரில் ஒருவருக்கு வரும் என்றால் அந்த ஒன்று 1.18 ஆகும், அவ்வளவே. ஆனாலும் தினமும் எதற்கு? ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள்.

கே: வில்லியனூரில் இருக்கிறேன். மகன் பிரான்சிலிருந்து வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரை அனுப்புகிறான். புற்றுநோய் வராமல் தடுக்குமாம். முன்பு சிகரெட் பிடித்தவன் நான்.

சாப்பிடாதீர்கள். பின்லாந்தில் புகைப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தது 18 சதவீதம் கூடியது. 1994-ல் அந்த முடிவு வந்தது. அமெரிக்காவில் வைட்டமின் ஈ எடுத்த ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. கேரட்டும் முருங்கைக் கீரையும் சாப்பிடுங்கள், அதில் பயமில்லை.

கே: உயரம் 165, எடை 64, பார்ப்பவர்கள் ஒல்லி என்பார்கள். தொப்பை மட்டும் உண்டு, இடுப்பு 96 செ.மீ. மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். போதுமா? வயது 47. (ஆண், லாஸ்பேட்டை)

இப்படி எழுத வேண்டும் கடிதம்! ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது நம் எல்லை. நீங்கள் 6 தாண்டிவிட்டீர்கள். ஒல்லிக் கையும் தொப்பையும் நம்மவர் உடல்வாகு, தராசு அதைக் காட்டாது. அதிகப்படிக் கொழுப்போடு 13 வகைப் புற்றுநோய்க்குத் தொடர்பு உறுதியாகியிருக்கிறது: பெருங்குடல், கல்லீரல், கணையம், சிறுநீரகம், கருப்பை, மாதவிடாய் நின்றபின் மார்பகம் எல்லாம் அதில் உண்டு. கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை. இன்சுலினை ஏற்றும், ஈஸ்ட்ரோஜன் சுரக்கும், உள்ளே தீராத அழற்சியை வளர்க்கும்.

நடக்கிறீர்கள், நல்லது. எப்படி நடக்கிறீர்கள்? ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திய பிறகு அந்தச் சாலையில் பாதிப் பேர் உலாவுகிறார்கள், நடப்பதில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை. நன்றாக இயங்குகிறவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் 20 சதவீதம் அளவுக்குக் குறைவு. நடை முடிந்து காந்தி சிலைப் பக்கம் சாப்பிடும் இரண்டு பஜ்ஜி அரை மணி நேர நடையை விழுங்கிவிடும். மூன்று மாதம் கழித்து டேப் அளவை எழுதுங்கள்.

கே: தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழ்கிறோம். காற்றிலேயே நாற்றம். இங்கே நடந்தும் கீரை தின்றும் என்ன பயன்? (கடலூர் அருகே)

உங்கள் கோபம் நியாயம். காற்று மாசும், ஆலை ரசாயனங்களான பென்சீனும் வினைல் குளோரைடும் முதல் பிரிவில்தான் இருக்கின்றன. அதைத் தடுப்பது அரசின் வேலையும் ஆலைகளின் வேலையும். அந்தச் சுமையை உங்கள் சாப்பாட்டுத் தட்டில் யாரும் இறக்கி வைக்கக் கூடாது. நாற்றம் வந்த தேதியையும் நேரத்தையும் குறித்து, மனுவோடு கொடுத்துக்கொண்டே இருங்கள். அதே சமயம் கொழுப்பும் புகையிலையும் குடியும் தரும் ஆபத்து தனிக் கணக்கு, அது உங்கள் கையில் இருக்கிறது. நாற்றம் உள்ள நேரம் வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்யுங்கள், மற்ற நேரம் சாலையை விட்டுத் தள்ளி நடங்கள்.

கே: பெருங்குடல் அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து நான்கு மாதம். வயது 55, எடை 61. ஓய்வு எடு என்கிறார்கள் வீட்டில். நடக்கலாமா? (நெல்லிக்குப்பம்)

நடங்கள். உங்களைப் போன்ற 889 பேரை வைத்துப் பல ஆண்டு நடந்த சோதனையின் முடிவு 2025-ல் வந்தது. மூன்று வருடம் ஆள் வைத்து உடற்பயிற்சி செய்ய வைத்த குழுவில், கையேடு மட்டும் வாங்கியவர்களைவிட மரண வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. எட்டாம் வருடம் உயிரோடு இருந்தவர்கள் உடற்பயிற்சிக் குழுவில் நூற்றுக்கு 90, கையேட்டுக் குழுவில் 83. கீமோவை விட்டுவிட்டுச் செய்ததில்லை, கீமோ முடித்தபின் செய்தது. வீட்டில் இதைச் சொல்லுங்கள். முதல் வாரம் காலையும் மாலையும் பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருந்தால் பளு தூக்கும் முன் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் தெரிந்தாலோ எடை இறங்கினாலோ எனக்கு எழுதாதீர்கள், அவரிடம் போங்கள்.