மஞ்சளில் வரைந்த ஊரடங்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 2020-இல் பத்தாம் வகுப்பில் ‘ஆல் பாஸ்’ ஆனவள் நான். ஊரடங்கில் வண்ணம் வாங்க வழியில்லாமல் மஞ்சள்தூள், சுண்ணாம்பு, காபி டிகாஷன், அடுப்புக்கரி ஆகியவற்றால் பழைய நோட்டுகளில் தினம் ஒரு படம் வரைந்தேன். 140 பக்கங்கள் சேர்ந்தன. இப்போது நுண்கலைக் கல்லூரியில் இறுதியாண்டு. ‘படைப்பும் மனநலமும்’ என்ற தலைப்பில் அவற்றையே காட்சிக்கு வைக்க ஆசை. ஆனால் மஞ்சள் மங்கிவிட்டது, சிவப்பு பழுப்பாகிவிட்டது. மேலேயே மறுபடி தீட்டிவிடலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: தீட்ட வேண்டாம். அந்தப் பக்கங்களின் மதிப்பே அவை அன்றைக்கு, அந்த வீட்டில், கைக்குக் கிடைத்ததை வைத்துப் பிறந்தவை என்பதில்தான் இருக்கிறது. இன்று கைதேர்ந்த பிறகு ஒரு கோடு சேர்த்தாலும் அது இன்றைய படமாகிவிடும்.

மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. வெளிச்சம் பட்டால் அது சிதையும். அப்படி மங்கியதை மீட்க முடியாது. சிவப்பின் கதை வேறு. ஆரத்தித் தட்டில் நடப்பதுதான் உங்கள் நோட்டிலும் நடந்திருக்கிறது: சுண்ணாம்பின் காரம் பட்டு மஞ்சள் சிவந்தது. நாளாக நாளாகச் சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும், காரம் தணியும், சிவப்பு இறங்கிவிடும். திரும்பச் சுண்ணாம்பு நீர் தடவினால் ஒருவேளை சிவக்கலாம், ஆனால் தாள் நனைந்து கறை பரவும்.

முதல் வேலை படியெடுப்பது. ஏ5 அளவுப் பக்கத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால், பிறகு ஏ3 அளவுக்குப் பெரிதாக்கி 300 டிபிஐ-யில் தெளிவாக அச்சிடலாம். கரியால் வரைந்த பக்கங்களை ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்தாதீர்கள். பாதிக் கரி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். நேர் வெயில் விழாத ஜன்னலோரம் நோட்டை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர்மேலே இருந்து படமெடுங்கள்.

கரி உதிராமலிருக்க ஃபிக்ஸடிவ் (கரியைத் தாளோடு ஒட்டவைக்கும் ஸ்பிரே) அடிப்பீர்கள். மொட்டைமாடியில் வைத்து, சுமார் 30 செ.மீ. தள்ளி நின்று, மெல்லிய பூச்சாக இரண்டு முறை, நடுவே 15 நிமிடம் காயவிட்டு அடித்தால் போதும். ஒரே பக்கத்தில் மஞ்சளும் கரியும் சேர்ந்திருந்தால் மட்டும் ஃபிக்ஸடிவ் பக்கமே போகாதீர்கள். பெரும்பாலான ஃபிக்ஸடிவ்களில் ஆல்கஹால் உண்டு, குர்குமின் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். கோட்டைச் சுற்றி மஞ்சள் வளையம் ஊறி நிற்கும். அந்தப் பக்கங்களுக்கு நடுவே அமிலமில்லாத பட்டர் பேப்பர் வைப்பதே பாதுகாப்பு. ஹேர் ஸ்பிரே, லேமினேஷன், செல்லோடேப் மூன்றும் கூடவே கூடாது. ஸ்பிரே நாளடைவில் பழுக்கும், லேமினேஷனைப் பிரிக்க முடியாது, டேப்பின் பசை தாளுக்குள் இறங்கிவிடும்.

டிகாஷன் மஞ்சளைவிட நிலைக்கும். ஆனால் சர்க்கரையோ பாலோ கலந்திருந்தால் மழைக்காலத்தில் அந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். நோட்டை மூடிபோட்ட பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு மாவுப்பசை என்றால் கொள்ளை ஆசை என்பதால், நோட்டின் முதுகுத் தையலை மாதம் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.

காட்சியில் மஞ்சள் பக்கங்களின் அச்சுப்படிகளைச் சுவரில் மாட்டுங்கள். அசல் நோட்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைத்து, நாளுக்கு ஒரு பக்கம் புரட்டலாம். நிறம் மங்கக்கூடிய தாள் ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வெளிச்ச வரம்பு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு). ஸ்பாட் லைட் அதைப் பலமடங்கு தாண்டிவிடும்.

கேள்வி: என் ஊரடங்கு ஓவியத் தொடருக்கு ஆய்வறிக்கை எழுதுகிறேன். ‘வரைந்ததால் மனம் தேறியது என்பதற்கு ஆதாரம் எங்கே?’ என்று வழிகாட்டி கேட்கிறார். வகுப்புத் தோழர்களிடம் சர்வே எடுக்கலாமா?
மாணவர், சென்னை

பதில்: அவர் கேட்பது நியாயம். எடுத்துக்காட்ட ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் வெளியிட்டது. 39 பேர், ஆளுக்கு 45 நிமிடம், களிமண், மார்க்கர், காகித ஒட்டுவேலை என விருப்பப்படி செய்தார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தபோது சுமார் 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே வரைந்து பழகியவருக்கும் பழகாதவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வரையாத குழு ஒன்று அதில் இல்லை; அமர்ந்திருந்ததே கூட மனதைத் தணித்திருக்கலாம். இந்தக் குறையையும் சேர்த்தே எழுதுங்கள், அறிக்கை வலுப்படும்.

உங்கள் பழைய நோட்டால் ‘மனம் தேறியது’ என்று நிரூபிக்க முடியாது. அதில் உறுதியாக இருப்பது தேதி, பக்க அளவு, எத்தனை நாள் தொடர்ந்தீர்கள், எங்கே விட்டீர்கள் என்பவை. வெற்று நாட்களை மறைக்காமல் எண்ணுங்கள். ஒன்பது நாள் இடைவெளிக்குப் பிறகு வந்த முதல் படம் என்ன, அது எவ்வளவு சிறியது என்று பார்த்தால் உங்களுக்கே விஷயம் பிடிபடும்.

சர்வே எடுப்பதானால் மனநலனை அளக்கும் உலக சுகாதார அமைப்பின் டபிள்யூஎச்ஓ-5 அளவுகோல் போதும். ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, கூட்டியதை நான்கால் பெருக்கினால் நூற்றுக்கான மதிப்பெண். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்றே அது கேட்கும். ஆகவே வரைவதற்கு முன் ஒருமுறை, வரைந்த பின் ஒருமுறை என்று ஒரே நாளில் கொடுப்பது தவறு. நான்கு வாரம் வரையச் சொல்லி, தொடக்கத்திலும் முடிவிலும் கொடுங்கள். அந்த நாலு வாரத்தில் செமஸ்டர் தேர்வு குறுக்கிடக் கூடாது. தேர்வு முடிந்த நிம்மதியெல்லாம் ஓவியத்தின் கணக்கில் விழுந்துவிடும். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பெயருக்குப் பதில் எண் போடுங்கள். நான்கால் பெருக்கும் முன் கூட்டுத்தொகை 13-க்குக் கீழே வருபவரை எண்ணாக மட்டும் பார்க்காதீர்கள்: தனியே அழைத்துப் பேசி, அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐக் கொடுங்கள்.

முன்னோடிகளைக் கேட்டால் இருவர் போதும். ஸ்பானிஷ் ஃப்ளூ காலத்தில் நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் நாற்காலியில் சோர்ந்து அமர்ந்த தன்னையே 1919-இல் தீட்டினார். 2020 வசந்தத்தில் பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி பிரான்சின் நார்மண்டியில் தன் வீட்டைச் சுற்றியிருந்த மரங்களை ஐபேடில் வரைந்தார். அவற்றில் 116 படங்கள் 2021-இல் லண்டன் ராயல் அகாடமியில் வைக்கப்பட்டன. ஒருவர் தன் நோயைப் பார்த்தார், மற்றவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். உங்கள் தொடர் எந்தப் பக்கம் என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

கேள்வி: ஊரடங்கில் நாள் தவறாமல் வரைந்த மகன், ஓவியக் கல்லூரியில் சேர்ந்தபின் வீட்டில் பென்சிலையே தொடுவதில்லை. ஐபேட் வாங்கித் தரட்டுமா?
ஒரு தாய், மதுரை

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. அன்று அவர் வரைந்ததை யாரும் திருத்தவில்லை; இன்று ஒவ்வொரு கோட்டுக்கும் மதிப்பெண் உண்டு. போஸ்ட் கார்டு அளவில் வெட்டிய தாள் ஐம்பதும் ஒரு 4பி பென்சிலும் சாப்பாட்டு மேசைமேல் வையுங்கள். வரைந்தாயா என்று கேட்காதீர்கள், வரைந்ததை வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பாதீர்கள். பென்சிலோடு சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் என எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தாளும் பென்சிலும் அதற்குப் போதாது.