ஒரே பறப்பு, இரண்டு கணக்கு

கேள்வி: அமெரிக்காவில் பயிற்சி முடித்து வந்திருக்கிறேன். லாக்புக்கில் (பறப்புப் பதிவேட்டில்) பிஐசி, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டாகப் பறந்த நேரம், 140 மணி நேரம் இருக்கிறது. டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 100 தானே வேண்டும்?
(வாசகர், மதுரை)

அந்த 140-ஐ நம்பி விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் 61.51 விதிப்படி, பிரைவேட் லைசென்ஸ் கைக்கு வந்தபின், பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாலும், விமானத்தை ஓட்டியது நீங்கள் மட்டும்தான் என்றால் அதே நேரத்தை டூயல் (இன்ஸ்ட்ரக்டருடன் பயிற்சி), பிஐசி இரண்டு கட்டத்திலும் எழுதலாம். இன்ஸ்ட்ரக்டரும் அதைத் தன் பிஐசியாக எழுதிக்கொள்வார். இந்தியாவில் அது செல்லாது. டூயல் என்றால் டூயல்தான்.

முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் பாருங்கள். டூயல் கட்டத்தில் எண் இருக்கும் வரிகளில் பிஐசியைக் கழியுங்கள். இன்னொருவர் வெளியே தெரியாதபடி கண்ணை மறைக்கும் ஹூட் போட்டு ஓட்டியபோது, நீங்கள் வெளியே பார்த்துக்கொள்ளும் சேஃப்டி பைலட்டாக இருந்த வரிகளைத் தனியே குறியுங்கள். அதையும் நம்பி இருக்க வேண்டாம். மொத்தப் பறப்பு 200 மணி நேரத்தில் பிஐசி 90 தான் மிஞ்சினால், இன்னும் 10 மணி நேரம் பறக்கத்தான் வேண்டும். மூல லாக்புக்கில் கை வைக்காதீர்கள், அங்கே அது சரியான பதிவு. கழித்த கணக்கைத் தனித் தாளில் எழுதுங்கள்.

கேள்வி: விமானத்தில் மணிக்கணக்கு காட்டும் ஹாப்ஸ் மீட்டர் 1.3 காட்டினால் 1:30 என்று எழுதலாமா?
(வாசகி, கோவை)

கூடாது. தசமத்தில் 0.1 என்பது 6 நிமிடம், 1.3 என்றால் 1:18. ஒரு பறப்புக்கு 12 நிமிடம் கூடினால், 100 பறப்பில் 20 மணி நேரம் பொய்யாக ஏறிவிடும். பல விமானங்களில் ஆயில் பிரஷர் வந்ததுமே ஹாப்ஸ் ஓடத் தொடங்கும். பறப்பு நேரமோ, விமானம் பறப்பதற்காக நகரத் தொடங்கியது முதல் கடைசியாக நிற்கும் வரைதான். டேக்கோ மீட்டர் வேறு ரகம்: எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்து ஓடுவதால் தரையில் குறைத்துக் காட்டும். நகர்ந்த நேரம், நின்ற நேரம் இரண்டையும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) குறித்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 03/04 என்பது அங்கே மார்ச் 4, இங்கே ஏப்ரல் 3.

கேள்வி: ஒற்றை எஞ்சின் செஸ்னா 172, இரட்டை எஞ்சின் செனெக்கா, ஹெலிகாப்டர், சிமுலேட்டர் எல்லாம் ஒரே புத்தகத்தில் எழுதலாமா?
(வாசகர், சென்னை)

புத்தகம் ஒன்றாக இருக்கலாம், கூட்டல் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒற்றை எஞ்சின், இரட்டை எஞ்சின் தனித்தனிக் கட்டம். ஹெலிகாப்டர் நேரத்தை விமானக் கூட்டலில் சேர்க்காதீர்கள். ஐரோப்பிய விதியில் அதன் நேரம் தொடங்குவதே வேறு இடத்தில், ரோட்டர் சுழலத் தொடங்கியதிலிருந்து இறக்கைகள் நிற்கும் வரை. சிமுலேட்டர் பறப்பு நேரமே ஆகாது. அதற்கும் தனிக் கட்டம், கருவியின் ரகத்தோடு. ‘செஸ்னா’ என்று மட்டும் எழுதினால் 152-ஆ 172-ஆ என்று கேட்பார்கள், பதிவெண்ணும் வேண்டும்.

கேள்வி: தப்பாக எழுதியதை வைட்னர் போட்டு மறைக்கலாமா?
(வாசகர், சேலம்)

வேண்டாம். பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ‘முன்பக்கத்திலிருந்து’ என்று கூட்டலைக் கொண்டுவரும் வரிகளைத் திருத்துங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.