எக்ஸ்ரே தொலைநோக்கித் தரவுக்கு விலை கிடையாது

கேள்வி: என் மகள் காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எக்ஸ்ரே தொலைநோக்கித் தரவை வைத்துக் கருந்துளை பற்றி புராஜெக்ட் செய்ய ஆசைப்படுகிறாள். 'தரவு வாங்கித் தருகிறோம், 15,000 ரூபாய்' என்கிறார்கள் ஒரு புராஜெக்ட் சென்டரில். முன்பணம் 3,000 கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?
- வாசகர், புதுவயல்

பதில்: கட்டாதீர்கள் ஐயா. விலைக்கு வாங்க வேண்டிய பொருளே இல்லை அது.

2015-ல் இஸ்ரோ ஏவிய அஸ்ட்ரோசாட் என்ற விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்தவை பெங்களூரு அருகே பயலாலுவிலுள்ள தரவு மையத்தில் இருக்கின்றன. இணையத்தில் பெயரைப் பதிந்துகொண்டு யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நம் இயற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் தாங்கிய நாசாவின் சந்திரா தொலைநோக்கியின் தரவும் அப்படித்தான். ஆராயும் மென்பொருளுக்கும் காசில்லை. மகளின் மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் போதும்.

ஒரே ஒரு விலக்கு. புதிதாக எடுத்த தரவு, அந்தத் தொலைநோக்கி நேரத்துக்கு விண்ணப்பித்த ஆய்வாளரிடமே வழக்கமாக ஓராண்டு வரை இருக்கும். அதன் பிறகே பொதுவுக்கு வரும். "எங்களிடம் மட்டும் இருக்கிறது" என்று சென்டர்காரர்கள் இதைத்தான் திரித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். பூட்டிய தரவு அவர்களுக்கும் கிடைக்காது. திறந்த தரவு உங்கள் வீட்டுக்கே வரும். எம்.எஸ்சி. புராஜெக்டுக்குப் பழைய தரவே தாராளம்.

அவர்கள் உண்மையில் விற்பது, யாரோ எழுதி அட்டை போட்ட புராஜெக்ட் புத்தகம். ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எக்ஸ்ரே ஒளி சில சமயம் இதயத் துடிப்பு போல ஏறி இறங்கும். அஸ்ட்ரோசாட் தரவை வைத்து அதை வரைபடமாகப் போட்டால் நடுநடுவே இடைவெளிகள் இருக்கும். அஸ்ட்ரோசாட் சுமார் 650 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து மறைப்பதுதான் முக்கியக் காரணம். தானே வரைந்த பிள்ளை இதை நொடியில் சொல்லும். வாங்கி வந்த பிள்ளை வைவா என்ற வாய்மொழித் தேர்வில் விழிக்கும்.

விழித்தாலும் மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். கடைசி செமஸ்டரில் அவசரமாக ஒரு புராஜெக்ட், பக்கத்தை எண்ணி மார்க்! இப்படி இருக்கும்வரை அந்தக் கடைகள் நடக்கத்தான் செய்யும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: வழிகாட்டிப் பேராசிரியரிடம் தலைப்பைச் சொல்லி ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு கருந்துளை, ஒரே ஒரு நாள் தரவு போதும். முன்பணத்தை ரசீதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் 3,000-தோடு போகட்டும், மீதி 12,000-ஐக் கட்ட வேண்டாம்.