பச்சை இறைச்சிக்கு மாறும் நாயின் வயிறு: கேள்வி பதில்

உலர் தீவனத்தில் இருந்து பச்சை இறைச்சிக்கு மாற்றும்போது வயிற்றில் என்ன நடக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. குட்டி என்று தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம், வளர்ந்த, வேறு நோய் இல்லாத நாயை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், எங்க லேப்ரடார் 28 கிலோ, நாலு வயசு. டிரை ஃபுட்ல இருந்து மாத்தணும். எத்தனை நாள் எடுத்துக்கணும்? முதல்ல எதைக் கவனிக்கணும்?

பதில்: பத்து முதல் பதினான்கு நாள் ஒதுக்குங்கள். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் போதும். 28 கிலோவுக்கு 2.5 சதவீதம் என்று வைத்தால் 700 கிராம்.

முதல் மூன்று நாள் அதில் கால் பங்கு, அதாவது 175 கிராம் இறைச்சி கொடுங்கள். டிரை ஃபுட்டை வழக்கமான அளவில் முக்கால் பங்காகக் குறையுங்கள். அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த மூன்று நாள் முக்கால் பங்கு இறைச்சி. பிறகு முழுசாக. ஆனால் இந்தக் கணக்கை ஓட்டுவது நாள்காட்டி அல்ல, மலம்தான். கடைசி இரண்டு முறை மலம் கெட்டியாக, வடிவமாக வந்திருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். இல்லையென்றால் அதே படியில் நில்லுங்கள்.

இந்த இரண்டு வாரமும் ஒரே விலங்கின் இறைச்சி. தோல் நீக்கிய கோழி நல்ல தொடக்கம், கொழுப்பு குறைவு. ஈரல், கிட்னி எதுவும் இப்போது வேண்டாம். புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டை ஒன்றாகச் சேர்த்துவிட்டு வயிறு கெட்டால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு நோட்டில் நான்கே விஷயம் எழுதுங்கள்: என்ன, எத்தனை கிராம் கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு மலம் போனது, எப்படி இருந்தது, வாந்தியோ பசியின்மையோ உண்டா. வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை. மருத்துவரிடம் போக நேர்ந்தால் பத்து நிமிடப் பேச்சைவிட அந்தப் பக்கம் அதிகம் சொல்லும்.

கேள்வி: டிரை ஃபுட்டையும் பச்சை இறைச்சியையும் ஒரே தட்டுல வெச்சா செரிக்கிற வேகம் வேற வேற, அதனால வயிறு கெடும்னு சொல்றாங்களே?

பதில்: பலரும் சொல்கிறார்கள், அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நாயின் இரைப்பை கலவை உணவைச் சமாளிக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துக் கொடுப்பதிலும் தவறில்லை.

கேள்வி: மலம் எப்படி இருந்தா நல்லதுன்னு ஒரு அளவுகோல் சொல்லுங்க. முன்னாடி மூணு தடவை போவான், இப்ப ஒரே தடவை, அதுவும் கொஞ்சூண்டு. மலச்சிக்கலா?

பதில்: மலச்சிக்கல் இல்லை. டிரை ஃபுட்டில் செரிக்காமல் வெளியேறும் நார்ச்சத்தும் மாவுச்சத்தும் அதிகம். இறைச்சியில் அது மிகக் குறைவு. அதனால் மலம் சிறுக்கும், நாற்றமும் பெரும்பாலும் குறையும். ஒரு நாள் போகாமல் இருந்து, நாய் சுறுசுறுப்பாகச் சாப்பிட்டு விளையாடினால் கவலை வேண்டாம். அடிக்கடி உட்கார்ந்து முக்கி, ஒன்றும் வராமல் எழுந்தால்தான் மலச்சிக்கல்.

அளவுகோலுக்கு, மருத்துவர்கள் பயன்படுத்தும், பியூரினா என்ற தீவன நிறுவனத்தின் 1 முதல் 7 வரையிலான அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1 என்பது உருண்டை உருண்டையாக, காய்ந்து, கல் போல. 2 கெட்டி, ஆனால் வளையும். எடுத்தால் தரையில் ஏறக்குறைய ஒன்றும் ஒட்டாது. இதுதான் இலக்கு. 4 வடிவம் இருக்கும், ஆனால் சொதசொதவென்று, எடுத்தால் உருக்குலையும். 7 வெறும் தண்ணீர். மாற்றத்தின்போது 3 வரை போய்த் திரும்புவது சகஜம். நோட்டில் 'லூஸ்' என்று எழுதாமல் எண்ணை எழுதுங்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் பார்த்தால் இருவருடைய 'லூஸ்' ஒன்றாக இருக்காது.

கேள்வி: மலம் வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி உதிருது. ரொம்ப முக்கறான். தினமும் 700 கிராம்ல பாதி கோழி இறக்கை கொடுக்கறோம்.

பதில்: காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. கோழி இறக்கையில் ஏறக்குறைய 46 சதவீதம் எலும்பு. 350 கிராம் இறக்கை என்றால் 160 கிராம் எலும்பு. மொத்த உணவில் 23 சதவீதம். வேண்டியது 10 சதவீதம்தான். இறக்கையை 150 கிராமாகக் குறைத்து மீதி 550 கிராமை எலும்பில்லாக் கறியாகக் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். கழுத்துத் துண்டில் எலும்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கோழிக் காலடியில் பாதிக்கும் மேல். எந்தத் துண்டு வாங்கினாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இப்போதைக்கு ஒன்றிரண்டு நாள் எலும்பே வேண்டாம், உணவில் தண்ணீர் கலந்து கொடுங்கள். இரண்டு நாளாக முக்கியும் ஒன்றும் வரவில்லை, அல்லது கூடவே வாந்தி என்றால் மருத்துவரிடம் போங்கள். வாயில் பாரஃபின் எண்ணெய் ஊற்றாதீர்கள்; அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. வீட்டில் எனிமாவும் வேண்டாம்.

இன்னொன்று. இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடந்த மலம் தானாகவே வெளுத்துவிடும். புதிதாகப் போனதை வைத்து மட்டும் முடிவெடுங்கள்.

கேள்வி: ஈரல் சேர்த்த மறுநாளே கருப்பா, கொழகொழன்னு போறா. ரத்தமோன்னு பயமா இருக்கு.

பதில்: ஈரல் அதிகமானால் மலம் கரும்பழுப்பாக, தளர்வாக வரும். மேல் குடலிலோ இரைப்பையிலோ ரத்தம் கசிந்தால் தார் போலக் கன்னங்கரேலென்று, பளபளப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும்; நாற்றமும் வேறு. சந்தேகம் இருந்தால் ஈரமான வெள்ளை டிஷ்யூவில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். ஓரத்தில் சிவப்புப் படர்ந்தால் ரத்தம் என்றே வைத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பழுப்பு மட்டும் என்றால், பெரும்பாலும் ஈரலின் வேலைதான். ஈரலை நிறுத்திய இரண்டு நாளில் நிறம் மாறாவிட்டால் அப்போதும் காட்ட வேண்டும்.

ஈரல் மொத்தத்தில் 5 சதவீதம் போதும், 700 கிராமில் 35 கிராம். அதையும் முதல் நாளே கொடுக்கக் கூடாது. 5 கிராமில் தொடங்கி, மலம் 2 அல்லது 3-இல் நிற்கும்வரை பொறுத்து, மெல்ல ஏற்றுங்கள். அளவு மீறி மாதக்கணக்கில் கொடுத்தால் வைட்டமின் ஏ தேங்கும். கிட்னி, மண்ணீரல் சேர்த்து இன்னொரு 5 சதவீதம். அதையும் ஈரல் நிலைத்த பிறகே. இதயத்தைத் தசைக் கறிக் கணக்கில் வையுங்கள், ஆனால் அதுவும் அதிகமானால் இளக்கும்.

கேள்வி: மூணு வாரமா லூஸ் மோஷன்தான். 'டீடாக்ஸ் ஆகுது, பழைய நஞ்செல்லாம் வெளியேறுது, விட்டுடுங்க'ன்னு சொல்றாங்க. விடலாமா?

பதில்: விடாதீர்கள். பச்சை இறைச்சிக்கு மாற்றுவோர் வட்டாரத்தில் இதைவிடக் கெடுதலான அறிவுரை எனக்குத் தெரிந்து இல்லை. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்கின்றன. குடலில் ஒளிந்திருந்து, உணவு மாறியதும் ஓடிவரும் நஞ்சு என்று ஒன்று கிடையாது. மூன்று வாரக் கழிச்சலுக்குக் காரணம் இருக்கும்: கொழுப்பு, அளவு மிகுதி, எலும்பு போதாமை, உள்ளுறுப்பு மிகுதி, கெட்ட இறைச்சி, ஒவ்வாத இறைச்சி, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி, பாக்டீரியா. 'டீடாக்ஸ்' என்ற பெயர் வைத்துவிட்டால் இதில் எதையும் தேட மாட்டோம்.

முதலில் எந்தக் குடல் என்று பாருங்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் நிறையத் தண்ணியாகப் போய், எடையும் குறைந்தால் சிறுகுடல். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை, அவசரமாக, சளியும் கடைசியில் சொட்டு சிவப்பு ரத்தமும் என்றால் பெருங்குடல். மாற்றத்தின் முதல் ஓரிரு நாளில் மேலே மெல்லிய சளி படிந்து வருவது உண்டு. நான்காம் நாளும் தொடர்ந்தால் அது சகஜம் அல்ல.

இது தொடங்கி ஓரிரு நாளே ஆகியிருந்தால், கடைசியாக நன்றாக இருந்த படிக்குத் திரும்பி, அளவைக் கால் பங்கு குறைத்து, மூன்று நான்கு சிறு வேளைகளாகப் பிரிக்கச் சொல்வேன். வேகவைத்து மசித்த பூசணி, உப்பும் மசாலாவும் இல்லாமல், 10 கிலோ நாய்க்கு ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். இரண்டு நாளில் திரும்பாவிட்டால் மலப் பரிசோதனை. உங்களுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டி வெகு தூரம் வந்துவிட்டது; நாளைக்கே போங்கள்.

கழிச்சலோடு வாந்தி, ரத்தம், சோர்வு இதில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஈறைத் தொட்டால் வழுவழுவென்று இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு ஒட்டினாலோ நிறம் திரும்பத் தாமதமானாலோ நீர் வற்றுகிறது.

கேள்வி: மனுஷங்களுக்கான வயித்துப்போக்கு மாத்திரை பாதி கொடுக்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம். அதில் பொதுவாக இருக்கும் லோபெரமைடு என்ற மருந்து, கோலி (collie), ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற நாய் இனங்களில் உள்ள ஒரு மரபணு மாற்றத்தால் மூளைக்குள் சென்று நஞ்சாகும். தொற்று இருந்தால், வெளியேற வேண்டியதை உள்ளே நிறுத்தியும் வைக்கும்.

கேள்வி: தினமும் விடியக்காலைல மஞ்சள் நுரையா வாந்தி. அப்புறம் நல்லா சாப்பிடறா.

பதில்: அது பித்தநீர். இரைப்பை நெடுநேரம் காலியாக இருந்தால் வரும். ஒரே வேளை உணவு என்றால் இரண்டாக்குங்கள். இரவு படுக்கும் முன் நாளளவில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக் கொடுங்கள். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் காரணம் வேறு.

கேள்வி: சாப்பிட்ட பத்து நிமிஷத்துல கழுத்துத் துண்டு அப்படியே வெளிய வந்துடுது. இது வாந்தியா?

பதில்: வயிறு எக்கி எக்கித் தள்ளி வந்தால் வாந்தி. எந்த முயற்சியும் இல்லாமல், தலையைக் குனிந்ததும் வழுக்கி விழுந்தால் அது எதுக்களிப்பு, இரைப்பைக்கே போகவில்லை. பெரும்பாலும் மெல்லாமல் விழுங்குவதால் வருவது. கையில் பிடித்துக்கொண்டு கடிக்க விடுங்கள், அல்லது எலும்போடு கொத்திய கறியாகக் கொடுங்கள். துண்டு தலையைவிடச் சிறியதாக இருந்தால் விழுங்கத்தான் பார்க்கும். மெதுவாகத் தின்றும் நாலைந்து முறை இப்படி வந்தால் உணவுக்குழாயைப் பரிசோதிக்க வேண்டும்.

சில மணி நேரம் கழித்து ஓரிரு எலும்புச் சில்லு வாந்தியில் வருவது தொடக்கத்தில் நடக்கும். தண்ணீர்கூடத் தங்காமல் திரும்பத் திரும்ப வாந்தி, மலம் நின்றுபோனது, வயிற்றைத் தொட விடாதது மூன்றும் அடைப்பின் அறிகுறி. வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வராவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதில் மணிக்கணக்கு கூட இல்லை, உடனே கிளம்புங்கள். வெந்த எலும்பு எப்போதுமே கூடாது, சிதறிக் குத்தும். பெரிய மாட்டுக் கால் எலும்பு பச்சையாக இருந்தாலும் கடைவாய்ப் பல்லை உடைக்கும்.

கேள்வி: எங்களுடையது மினியேச்சர் ஷ்னாஸர். மலம் சாம்பல் கலந்த மஞ்சளாக, எண்ணெய் பூசியது போல வருகிறது.

பதில்: கொழுப்பு அதிகம். தோல், வெள்ளைக் கொழுப்பு எல்லாவற்றையும் இன்றே நீக்குங்கள். இந்த இனத்துக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறும் இயல்பு உண்டு, கணைய அழற்சியும் மற்ற இனங்களைவிட அதிகம். தொடர் வாந்தி, உணவைத் திரும்பிப் பாராமை, முன்னங்காலை நீட்டி மார்பைத் தரையில் வைத்துப் பின்புறத்தை மட்டும் உயர்த்தி நிற்பது, இவை தெரிந்தால் கணைய லைப்பேஸ் என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கொழுப்பை நீக்கியும் இதே நிறம் ஒரு வாரம் நீடித்தால், கணைய நொதி போதவில்லையா என்றும் பார்க்க வேண்டும். முன்பே ஒருமுறை கணைய அழற்சி வந்த நாயை, மருத்துவர் கொழுப்பளவு குறித்துக் கொடுக்காமல் இந்த உணவுக்கு மாற்றவே வேண்டாம்.

கேள்வி: தண்ணியே குடிக்க மாட்டேங்குது.

பதில்: டிரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதம் அளவு, இறைச்சியில் 70. உணவிலேயே குடித்துவிடுகிறது. சிறுநீர் வழக்கம்போல் போனால் சரி.

கேள்வி: மூன்று மாத ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிக்கும் இதே முறையா?

பதில்: இல்லை. பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் குறைந்தாலும் கூடினாலும் எலும்பு கோணும். கண்ணளவில் எலும்பு போடும் இடம் இது அல்ல. கால்நடை உணவியல் நிபுணர் எழுதித் தந்த அளவு இல்லாமல் தொடங்காதீர்கள். குட்டிக்குக் கழிச்சல் வந்தால் பட்டினி போடவும் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். வாந்தியும் சேர்ந்தால் பார்வோ வைரஸ் தொற்று இருக்கக்கூடும், அன்றே மருத்துவமனை.

கேள்வி: ஃப்ரீஸர்ல வெச்சா கிருமி செத்துடும்தானே? வீட்ல கைக்குழந்தை இருக்கு.

பதில்: சில ஒட்டுண்ணிகள் சாகும். சால்மோனெல்லா, லிஸ்டீரியா, கேம்பைலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் உறைநிலையில் பிழைக்கும்; முதல் இரண்டும் பனி இளகியதும் பெருகும். நாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலே மலத்தில் சால்மோனெல்லா வெளியேறலாம். மலம் 2 என்று இருப்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதல் பச்சை விலங்குப் புரதத்தைப் பரிந்துரைக்காததற்கு இதுவே முக்கியக் காரணம். நாய்க்கே ஆபத்தும் உண்டு: 2018-இல் வெளியான மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு, பின்னங்காலில் தொடங்கும் ஒருவகை வாதத்தைக் கேம்பைலோபாக்டர் தொற்றோடு தொடர்புபடுத்தியது. மாற்றத்தின்போது நடை தள்ளாடினால் அதையும் நோட்டில் எழுதி, அன்றே காட்டுங்கள்.

கைக்குழந்தை, கர்ப்பிணி, கீமோ எடுப்பவர் இருக்கும் வீட்டில் சமைத்த உணவே என் தேர்வு.

கேள்வி: மலப் பரிசோதனைக்கு எப்படி எடுத்துட்டுப் போகணும்?

பதில்: போனதும் எடுங்கள், மண் ஒட்டாத பகுதியில் ஒரு தேக்கரண்டி அளவு. மூடியுள்ள டப்பாவில் போட்டு, உடனே போக முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் உணவிலிருந்து தள்ளி வைத்து, அன்றைக்குள் கொடுங்கள். ஜியார்டியா சந்தேகம் என்றால் ஒருமுறை எடுத்த மாதிரி போதாது, அது விட்டுவிட்டுத்தான் வெளியேறும். மூன்று நாள் மாதிரி கேட்பார்கள். பச்சை இறைச்சி கொடுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிச் சாப்பிடும் நாயின் மலத்தில் சால்மோனெல்லா வந்தால் அதுவே கழிச்சலுக்குக் காரணம் என்று உடனே முடிவு கட்ட முடியாது. ரத்தத்தில் யூரியா சற்று உயர்ந்திருந்தாலும், புரதம் மிகுந்த உணவு என்று தெரிந்தால்தான், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினினோடு சேர்த்துச் சரியாகப் படிப்பார்கள். நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.