மூக்கில் விட்ட எண்ணெய் எங்கே போகிறது?

கேள்வி: வயது 57. ஆறு மாதமாக ஆயுர்வேத தினசரி முறையைப் பின்பற்றுகிறேன். காலை நாலரைக்கு எழுந்து செம்புப் பாத்திரத் தண்ணீர், நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு. இரவில் திரிபலா, படுத்தவுடன் இரு மூக்கிலும் எண்ணெய். இருந்தும் நாக்கில் வெள்ளைப் படிவம் போகவில்லை. உடலில் நச்சு தங்கியிருக்கிறதா? வயிறும் இளகிப் போகிறது. ஒரு மாதமாக இருமல். மாடி ஏறினால் லேசாக மூச்சு வாங்குகிறது. கபம் கழிகிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மருந்துக் கடையில் இரண்டு முறை அசித்ரோமைசின் வாங்கிச் சாப்பிட்டேன், குறையவில்லை. என் அக்கா நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மூக்கில் எண்ணெய் விடுவதை இன்றிரவே நிறுத்திவிடுங்கள். நாக்கு காத்திருக்கட்டும்.

சோற்றுப் பருக்கை ஒன்று மூச்சுக்குழாய்ப் பக்கம் தவறினால் புரையேறும், இருமி வெளியே தள்ளிவிடுவோம். எண்ணெய் வழுவழுப்பானது. தொண்டையை உறுத்தாமல், இருமலைக் கிளப்பாமல், நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடியது. விட்ட கையோடு தூங்கிவிடுபவர்களுக்கு இது இன்னும் எளிதாக நடக்கும். நுரையீரலைச் சுத்தம் செய்யும் செல்கள் அதை விழுங்கும். ஆனால் செரிக்க முடியாமல் திணறும். எண்ணெய் அங்கேயே தேங்கி, சுற்றிலும் அழற்சி வரும். லிப்பாய்டு நிமோனியா என்பது இதுதான். மாதக்கணக்கில் மெல்ல வளர்வதால் எண்ணெய்க்கும் இருமலுக்கும் உள்ள உறவு யாருக்கும் தோன்றுவதில்லை. எண்ணெயை ஆன்டிபயாடிக் கரைக்காது. உங்கள் அசித்ரோமைசின் தோற்றதில் வியப்பில்லை. அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்த கடைக்காரரைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது.

உங்களுக்கு இதுதான் என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாத இருமலோடு படியேறும்போது மூச்சும் வாங்குகிறது என்றால் அது 'கபம் கழிவது' அல்ல. இந்த வாரமே மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்வார்கள். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். நுரையீரலில் கொழுப்பு படிந்திருந்தால் அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். காய்ச்சல் வந்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ வாரம் முழுவதும் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

அக்காவின் நினைவுதான் உங்களை எழுத வைத்திருக்கிறது. புற்றுநோய் இல்லை என்று பார்க்காமல் சொல்வது தவறு. ஆனால் உங்கள் விவரத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அது அல்ல. இன்னொன்று: எண்ணெய் தேங்கிய இடம் படத்தில் சில சமயம் கட்டி போலவே தெரியும், காசநோய் போலவும் தெரியும். மூக்கில் எண்ணெய் விட்டதை நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லாவிட்டால், தேவையற்ற பயாப்ஸியோ (திசுவை எடுத்துச் சோதிப்பது) மாதக்கணக்கில் காசநோய் மாத்திரையோ வந்து சேரலாம். எண்ணெய்தான் காரணம் என்று உறுதியானால், முதல் சிகிச்சை அதை நிறுத்துவதுதான். பலருக்கு நுரையீரல் மெல்லத் தேறிவிடும்.

ஆயுர்வேதத்தைப் பழிக்க இதை எழுதவில்லை. முறையாகக் கற்ற வைத்தியர் நசியம் (மூக்கு வழி மருந்து) கொடுக்கும்போது, தொண்டைக்கு இறங்குவதைத் துப்பச் சொல்வார். தினசரி ஒழுக்கத்தைச் சொல்லும் அத்தியாயத்தை, பழைய ஆயுர்வேத நூலாசிரியரான வாக்படரே 'நோயற்றவன்' எழ வேண்டிய நேரத்தில்தான் தொடங்குகிறார். கபம் மிகுந்தவரும் அஜீரணம் உள்ளவரும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாகாது என்று அங்கேயே விலக்கும் வைக்கிறார். வீடியோக்காரர் அந்த வரிகளுக்கு முன்பே புத்தகத்தை மூடிவிட்டார் போலும்.

மற்றவை. நாக்கின் வெள்ளைப் படிவம் உதிர்ந்த செல்களும் உணவுத் துணுக்கும் கிருமிகளும் சேர்ந்தது. பெரும்பாலோருக்கு உண்டு, நச்சு அல்ல. வழித்துவிட்டு வேலையைப் பாருங்கள். கொப்பளித்த எண்ணெய் வெளுப்பது எச்சிலோடு கலப்பதால். செய்யலாம், ஆனால் விழுங்காமல் துப்புங்கள். இருமல் தீரும்வரை அதுவும் வேண்டாம். வயிறு இளகுவது திரிபலாவின் வேலை, அளவைக் குறையுங்கள். நாலரைக்கு எழுவது, ஒன்பதரைக்குள் படுப்பவர்களுக்கு நல்லது.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால், குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மருத்துவரிடம் போகும்போது அந்த எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துப் போங்கள். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும்.