டேங்கர் லாரித் தொழில் கேள்வி-பதில்: காலி டேங்கரை நம்ப வேண்டாம்

கேள்வி: பல ஆண்டுகளாகப் பொதுச் சரக்கு லாரி ஓட்டி வருகிறேன். சேமிப்போடு கடனும் சேர்த்துச் சொந்தமாக ஓர் எரிபொருள் டேங்கர் வாங்க நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒப்பந்தத்திலிருந்து தொடங்குங்கள், வண்டி அதற்குப் பிறகுதான். பொதுச் சரக்கு லாரியை ஒரு வாடிக்கையாளர் கைவிட்டால் மறுநாளே வேறு சரக்கு கிடைக்கும். எரிபொருள் டேங்கருக்கு வேறு பிழைப்புக் கிடையாது. லோடு இல்லாவிட்டால் தவணை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். நீங்கள் எரிபொருள் ஏற்றப்போகும் டெர்மினலில் (எண்ணெய் நிறுவனத்தின் சேமிப்புக் கிடங்கில்) எத்தனை அறைகள் கொண்ட டாங்கை ஏற்கிறார்கள், கீழ்வழியாக நிரப்புகிறார்களா மேல்வழியாகவா, நிரம்பி வழிவதைத் தடுக்கும் சென்சாரும் ஆவியைத் திரும்ப எடுக்கும் குழாயும் எந்த வகையில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே வண்டிக்கு முன்பணம் கொடுங்கள். வாடகைப் பணம் கைக்கு வர ஒன்று, இரண்டு மாதங்கள் ஆகலாம். டீசல், டயர், சம்பளம், காப்பீடு ஆகியவை அதுவரை காத்திருக்க மாட்டா. மூன்று மாத ஓட்டச் செலவு கையில் இல்லாதவர் இப்போதைக்கு இத்தொழிலில் இறங்க வேண்டாம்.

கேள்வி: கனரக வாகன உரிமம் வைத்திருக்கிறேன். அது போதாதா?

பதில்: போதாது. அபாயகரச் சரக்குக்கான பயிற்சியும் சான்றும் தனி. அவற்றைக் காலம் தவறாமல் புதுப்பிக்கவும் வேண்டும். அபாயகரச் சரக்கைச் சாலை வழியே கொண்டுசெல்வதற்கான ஐரோப்பாவின் ஏடிஆர் ஒப்பந்தத்தில் அந்தச் சான்று 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும்.

கேள்வி: டாங்கின் முழுக் கொள்ளளவுக்கும் நிரப்பித் தர மறுக்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு நடையும் நஷ்டம்.

பதில்: மறுப்பவர்கள் உங்களைக் காப்பாற்றுகிறார்கள். பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 சதவீதம் விரியும். 20,000 லிட்டர் லோடு 20 டிகிரி சூடேறினால் சுமார் 400 லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். அந்த இடம் உள்ளே இல்லாவிட்டால் எரிபொருள் வெளியேதான் வரும். எடையையும் பாருங்கள்: அதே 20,000 லிட்டர் பெட்ரோலாக இருந்தால் ஏறத்தாழ 15 டன், டீசலாக இருந்தால் 17 டன். லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து ஏற்றுகிறவர் ஓர் அச்சு தாங்கலாம் என்ற பார வரம்பைத் தாண்டி மாட்டிக்கொள்வார்.

கேள்வி: பழைய டேங்கர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஓர் அறையின் அடித் தையலில் மெல்லிய விரிசல் இருக்கிறது. வண்டி காலியாகி மூன்று நாட்கள் ஆகின்றன. மேன்ஹோலைத் திறந்து வெயிலில் காயவிட்டிருக்கிறேன், வாடையும் இல்லை. அருகிலுள்ள பட்டறையில் வெல்டிங் வைத்துவிடலாமா?

பதில்: கூடாது. கடைசியாக ஏற்றியது பெட்ரோலா டீசலா, டாங்க் இரும்பா அலுமினியமா என்று எதையும் சொல்லாமல், "காலி" என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி எழுதியிருக்கிறீர்கள். இதே கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் இதே கோபத்தோடுதான் பதில் எழுதுகிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பற்றும். நிறைந்த டாங்குக்குள் ஆவி அதற்கும் மேலே அடர்ந்திருக்கும், காற்று போதாது. காலி செய்த டாங்கில்தான் காற்று புகுந்து அந்தக் கலவை சரியாக அமைகிறது. 5,000 லிட்டர் அறை ஒன்று வெடிக்கும் நிலைக்கு வர அரை லிட்டருக்கும் குறைவான பெட்ரோல் ஆவியானால் போதும். அந்த அரை லிட்டர் தடுப்புத் தகட்டின் மூலையிலோ, அடிவால்வின் இருக்கையிலோ, துருப் பொருக்குக்கு அடியிலோ, கீழே ஓடும் குழாயின் வளைவிலோ தங்கியிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால், மேன்ஹோலைத் திறந்து வைப்பதால் மட்டும் அது வெளியேறிவிடாது. உங்கள் விரிசல் இருக்கும் அடிப்பகுதியில்தான் படிந்து கிடக்கும். கடைசி லோடு டீசல் என்று தைரியம் கொள்ளவும் வேண்டாம். வெல்டிங் சூடு பட்டதும் துருவுக்குள் ஊறிய டீசலும் ஆவியாகும்.

மூக்கு ஒரு கருவியல்ல. சிறிது நேரத்தில் மரத்துப்போகும். எரிபொருள் டாங்கைச் சுத்திகரிக்கும் ஏற்பாடுள்ள பணிமனையில், பழுதான அறையோடு எல்லா அறைகளையும் குழாய்களையும் கழுவி, காற்றைச் செலுத்தி வெளியேற்றி, காஸ் டிடெக்டரால் மேல், நடு, அடி என ஒவ்வோர் அறையிலும் அளந்து, எழுத்தில் சான்று வாங்கிய பிறகே நெருப்பு அருகில் வரலாம். பிராணவாயுவையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருக்கும் இடத்தில் சிலவகை டிடெக்டர்கள் ஆவியே இல்லை என்பதுபோல் காட்டும். வேலை இடையில் நின்று மீண்டும் தொடங்கினால் மறுபடியும் அளக்க வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் வாங்கிய வண்டி மலிவல்ல.

கேள்வி: ஓர் அறையில் இன்று பெட்ரோல், நாளை டீசல் என்று மாற்றி ஏற்றலாமா?

பதில்: டெர்மினல் அனுமதித்து, அதற்கான முறைப்படி நிரப்பினால் மட்டுமே. மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவியை உள்ளே விழும் டீசல் உறிஞ்சிக்கொள்ள, அடர்ந்திருந்த கலவை எரியும் எல்லைக்குள் இறங்குகிறது. வேகமாகப் பாயும் டீசலோ நிலைமின்னூட்டத்தைச் சேர்க்கிறது. ஒரே பொறி போதும். நிரப்பும் குழாயின் முனை மூழ்கும்வரை வேகம் விநாடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த மின்னூட்டத்தைத் தரைக்குக் கடத்தும் எர்த் கிளிப் முதலில் மாட்டி கடைசியில் கழற்ற வேண்டியது. அதுவும் பெயின்ட்டின் மேல் அல்ல, வெறும் உலோகத்தில்.

கேள்வி: வாடகையைக் கிலோமீட்டருக்குப் பேசுவதா, லிட்டருக்கா?

பதில்: எப்படிப் பேசினாலும், திரும்பும் வழி முழுவதும் வெறும் வண்டி என்பதையும், வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் கட்டணம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். சரக்குக் காப்பீடு கொட்டிப்போன எரிபொருளின் விலையைத் தரும். மண்ணிலும் கிணற்றிலும் இறங்கியதைச் சுத்தம் செய்யும் செலவு அதில் அடங்கியிருக்காது, அதற்கெனத் தனிக் காப்பு வேண்டும்.

கேள்வி: எரிபொருள் இறங்கும்போது ஓட்டுநர் கேபினில் ஓய்வெடுக்கலாமா?

பதில்: கூடாது. அவசர வால்வுக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். இறக்கத் தொடங்குமுன், நிலத்தடித் தொட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவரே டிப் (அளவுகோல்) விட்டுப் பார்க்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: எர்த் முதலில்.

கேள்வி: வழியில் வண்டி கவிழ்ந்து எரிபொருள் கசிந்தால் ஓட்டுநர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இயலுமானால் எஞ்சினை நிறுத்தி, பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டு, காற்று வரும் திசைக்கு விலகி, தீயணைப்புத் துறையை அழைத்து, வண்டியின் ஆரஞ்சுப் பலகையில் உள்ள, சரக்கு இன்னதென்று காட்டும் ஐநா எண்ணைச் சொல்ல வேண்டும், பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202. அடுத்து, கூடுகிற மக்களை விரட்ட வேண்டும். 2017 ஜூனில் பாகிஸ்தானின் பஹாவல்பூர் அருகே கவிழ்ந்த டேங்கரிலிருந்து வழிந்த பெட்ரோலைப் பாத்திரங்களில் பிடிக்க ஊரே திரண்டபோது தீப்பற்றி 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குடத்தோடு வருகிறவரிடம் ஓட்டுநர் தயங்காமல் கத்த வேண்டும். என்ன சொல்லிக் கத்துவது என்பதைப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுங்கள்.